முப்பத்திரண்டு வேண்டாம், இருபத்தெட்டு போதும்

பல்செட் செய்கிறவர்களைப் பார்த்து யாரும் சிரிப்பதில்லை. அவர்கள் செய்து கொடுத்ததை மாட்டிக்கொண்டு வேறு இடங்களில் போய்ச் சிரிக்கிறார்கள். நம்மவருக்கு அதில் வருத்தம் ஒன்றுமில்லை. இருபத்திரண்டு வருடங்களாக ஒரு கட்டடத்தின் இரண்டாவது மாடியில், ஜன்னலோரம் உயரமான ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, முகம் தெரியாதவர்களின் வாய்க்கு மெழுகில் பல் செதுக்கி வருகிறார். கீழ் மாடியில் பல் டாக்டர்கள். அவர்கள் வாயில் அச்சு எடுத்து மேலே அனுப்புவார்கள். இவர் பல்லைச் செய்து கீழே அனுப்புவார். இவர் செய்த பல்லாலேயே ஒருவர் தெருவில் இவரைப் பார்த்துப் பல்லிளித்துவிட்டுப் போனாலும், ஆளை அடையாளம் தெரியாது. பல்லை வேண்டுமானால் தெரியலாம்.

கூட வேலை செய்கிறவர்கள் அவருக்கு வைத்த பெயர் 'பத்திலொண்ணு'. ஒரு மில்லிமீட்டரைப் பத்தாகக் கூறு போட்டு, அதில் ஒன்று கூடிவிட்டது, ஒன்று குறைந்துவிட்டது என்று நாள் முழுக்க அரற்றுவதால் வந்த பெயர். அவர் தொழிலில் சந்து என்பது கெட்ட வார்த்தை. ஈறுக்கும் செட்டுக்கும் நடுவே ஒரு தலைமுடி நுழைகிற இடம் விட்டால் போதும்: சாப்பாட்டுத் துணுக்கு போகும், புண் வரும், ஆளும் திரும்பி வருவார். ஆகவே எதையும் ஒட்ட வைப்பது, இறுக்கி வைப்பது, இண்டு இடுக்கில்லாமல் வைப்பது என்றே வாழ்ந்து பழகிவிட்டார். வீட்டுப் புத்தக அலமாரி சுவரை விட்டு ஒரு விரற்கடை தள்ளி நின்றால் அன்றைக்கு அவருக்குத் தூக்கம் வராது.

போன வருடக் கடைசியில் அவருடைய வலது கையில் இரண்டு விரல்கள் வேலைநிறுத்தம் ஆரம்பித்தன. சுண்டுவிரலும் மோதிர விரலும். காலையில் சைக்கிளை விட்டு இறங்கியதும் பத்து நிமிடம் மரத்துப்போகும். அப்புறம் அது அரைமணி ஆனது. அப்புறம் மத்தியானம் வரைக்கும். சுண்டுவிரல் போனால் போகிறது, காது குடைய இன்னொரு கையில் ஒன்று இருக்கிறது. மோதிர விரல் கதை வேறு. செதுக்கும் கத்தியைப் பிடிப்பது மற்ற மூன்று விரல்கள்தான் என்றாலும், மோதிர விரலை அச்சின் மேல் ஊன்றிக்கொண்டுதான் அந்த மூன்றும் வித்தை காட்டுகின்றன. ஊன்றிய விரலுக்குத் தான் ஊன்றியிருப்பதே தெரியாவிட்டால் கத்தி ஆடும்.

ஆடியது. ஆடியதைக் கண்டுபிடித்தவர் மாமனார்.

மாமனார் முப்பத்தொரு வருடம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். நான்கு வருடமாக இவர்களோடு, மூன்றாவது மாடி வீட்டில்தான் இருக்கிறார். விரல் மரக்க ஆரம்பித்திருந்த அந்தச் சமயத்தில்தான் முழு பல்செட் ஒன்று, மேலும் கீழும், மருமகன் தன் கையாலேயே செய்து கொடுத்தார். மாமனார் அதை மாட்டுவதற்கு முன்னால் உள்ளங்கையில் வைத்து எண்ணிப் பார்த்தார்.

"மாப்ளே, இருபத்தெட்டுதான் இருக்கு. நாலு எங்க?"

"கடைசி நாலு யாருக்கும் வைக்கறதில்ல மாமா. நாக்கு திரும்பறதுக்கு இடம் வேணும்ல?"

"பாத்தீங்களா, எனக்குன்னு வரும்போது நாலு கொறையுது."

குறை நாலில் இல்லை. ஒரு வாரம் கழித்து மாமனார் சாப்பாட்டு மேசையில் அறிக்கை விட்டார்.

"நான் பேசறப்ப உள்ளேர்ந்து யாரோ கதவத் தட்டறாங்க மாப்ளே."

"டக்குனு கேக்குதா?"

"டக் டக்குனு கேக்குது. ரெண்டு பேர் இருக்காங்கன்னு நெனைக்கிறேன்."

பல் வேலையில் நீலத்தாள் என்று ஒன்று உண்டு. நாக்கு அகலத்துக்கு மெல்லிசாக ஒரு மைத்தாள். மேல் பல்லுக்கும் கீழ்ப் பல்லுக்கும் நடுவே வைத்துக் கடிக்கச் சொன்னால், எங்கே முதலில் முட்டுகிறதோ அங்கே நீலம் ஒட்டும். மாமனாரைக் கடிக்க வைத்தார். இடது பக்கம் கடுகு போல மூன்று புள்ளி. வலது பக்கம் ஒரு பெரிய திட்டு. வலது கடைவாயில் பத்தில் மூன்று மேடு.

பத்தில் மூன்று! மற்றவர்கள் செய்திருந்தால் ஒரு வாரம் சொல்லிச் சிரித்திருப்பார். இது அவர் கை. அன்று மத்தியானம் சாப்பாட்டு வேளையில், பட்டறையில் புதிதாகச் சேர வருகிறவர்களுக்கு வைக்கிற பரீட்சையைத் தனக்கே வைத்துக்கொண்டார்: கண்ணாடித் தட்டில் ஒரு தலைமுடி, அதன் மேல் ஒரு தாள், கண்ணை மூடிக்கொண்டு முடி எங்கே ஓடுகிறது என்று விரலால் தடவிச் சொல்ல வேண்டும். ஆள்காட்டி விரல் உடனே சொன்னது. நடுவிரல் சொன்னது. மோதிர விரலுக்குத் தாள் இருப்பதே தெரியவில்லை.

நரம்பு டாக்டர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சைக்கிள் ஓட்டறீங்களா?" என்றார்.

"தினமும். போக பதிமூணு கிலோமீட்டர், வர பதிமூணு."

"டயர் எப்படி?"

"ரேஸ் சைக்கிள் டாக்டர். இருபத்திமூணு மில்லி."

"இந்த நரம்பு உள்ளங்கை ஓரத்துல, தோலுக்குக் கீழேயே ஓடுது. அது மேல தினமும் இருபத்தாறு கிலோமீட்டருக்கு டிரில்லிங் மிஷின் ஓட்டறீங்க. அதிர்வைக் கொறைங்க. இல்லைன்னா சைக்கிள விடுங்க. நீங்க விடலைன்னா விரல் விட்டுடும்."

வீட்டில் தீர்ப்பு இன்னும் சுருக்கமாக வந்தது. அவர் மனைவி இன்சூரன்ஸ் ஆபீசில் விபத்து மனுக்களைப் படிக்கிற வேலையில் இருக்கிறார். 'எச்சரிக்கைப் பலகை இருந்தும் மனுதாரர் கவனிக்கவில்லை' என்ற வாக்கியத்தை நாளைக்குப் பத்துத் தடவை எழுதுகிறவர்.

"அடுத்த மாசக் கடைசி வரைக்கும் டைம். அதுக்குள்ள கைய உதறாத சைக்கிள் ஒண்ண பாத்து வாங்குங்க. விரல் திரும்பிச்சுன்னா ஓட்டுங்க. இல்லைன்னா பஸ்."

"பஸ் ஒண்ணும் கேவலமில்ல" என்றார் மாமனார், காயம்பட்ட குரலில்.

கேவலம் என்று யாரும் சொல்லவில்லை. நம்மவருக்குப் பஸ்ஸில் இருக்கும் கஷ்டம் வேறு. எதிர் இருக்கையில் ஒருவர் கொட்டாவி விட்டால் அவருக்கு வேலை நேரம் ஆரம்பித்துவிடும். மேல் வரிசையில் இரண்டாவது கொஞ்சம் சாய்வு, கீழே ஒன்று சொத்தை என்று மனம் குறிப்பெடுக்கும். சைக்கிளில் போகும்போதுதான் யாரும் அவர் முகத்துக்கு நேரே வாயைத் திறப்பதில்லை. நாளைக்கு ஒன்றே முக்கால் மணி நேரம், பல்லே இல்லாத உலகம். அதை விட்டுக்கொடுக்க அவர் தயாராயில்லை. விரலை விட்டுக்கொடுத்தால் வேலை போய்விடும். அகலமான டயர் போட இடமிருக்கிற சைக்கிள் ஒன்று கிடைத்துவிட்டால் இரண்டையும் காப்பாற்றிக்கொள்ளலாம் என்பது கணக்கு.

கணக்கில் ஒரு சிக்கல் இருந்தது. அவரிடம் ஒரு ஜோடி சக்கரம் உண்டு. ஒரு மழைக்காலம் முழுக்க உட்கார்ந்து, கம்பி கம்பியாகக் கோத்து, பட்டறையிலிருந்து கொண்டுவந்த அளவு மானியை வைத்து முறுக்கி, கோணல் பத்தில் ஒன்றுக்குள் வரும்வரை வீட்டாரோடு பேசாமல் கட்டிய சக்கரங்கள். வாய்க்குள் போகாத பொருள் என்று அவர் தன் வாழ்க்கையில் செய்தது அந்த இரண்டு மட்டும்தான். அவை ரிம்மைப் பிடித்து நிறுத்துகிற பிரேக்குக்கான சக்கரங்கள். இப்போது வருகிற சைக்கிள்கள் எல்லாம் சக்கரத்தின் நடுவில் தட்டு வைத்த டிஸ்க் பிரேக்.

"ரிம் பிரேக்கா?" என்றார் சைக்கிள் கடைக்காரர், அரிக்கேன் விளக்கு கேட்ட மாதிரி. "சார், செய்யற கம்பெனியே அத மறந்துடுச்சு. டிஸ்க்ல போங்க. டயர் எவ்வளவு அகலம் வேணும்னாலும் போடலாம். நாப்பது போடுங்க, நாப்பத்தஞ்சு போடுங்க, மெத்தையே போடுங்க."

"எங்கிட்ட சக்கரம் இருக்கே."

"சுவத்துல மாட்டுங்க சார். அழகா இருக்கும்."

கூட வந்திருந்த மாமனார் கடையில் இருந்த ஒவ்வொரு சைக்கிளின் டயரையும் செருப்புக் காலால் ஒரு எத்து எத்திப் பார்த்துக்கொண்டே போனார். கடைக்காரர் அவரைக் கடைக்கண்ணால் பார்த்தபடி, இவருக்கு விஷயத்தை விளக்கினார். ரிம் பிரேக் டயருக்கு மேலே பாலம் போல வளைந்து, இரண்டு பக்கமும் கையை இறக்கி ரிம்மைக் கவ்வுகிறது. அந்தப் பாலத்துக்கு அடியில் எவ்வளவு இடமோ அவ்வளவுதான் டயர். ரேஸ் சைக்கிளுக்கெல்லாம் குட்டைக் கைப் பிரேக். இருபத்தைந்தைத் தாண்டினால் டயர் போய்ப் பாலத்தில் முட்டும். நீட்டுக் கைப் பிரேக்குக்கென்றே செய்த ஃப்ரேம்கள் ஒரு காலத்தில் கொஞ்சம் வந்தன.

"ஆனா அத வாங்கினவங்க யாரும் விக்கறதில்ல சார். அந்த மாதிரி தேடி வாங்கறவங்க கொஞ்சம் பிடிவாதக்காரங்க" என்று சொல்லி, இவரை ஏற இறங்கப் பார்த்தார்.

அதன் பிறகு மூன்று வாரம் பழைய சைக்கிள் வேட்டை. விளம்பரத்தைப் பார்த்து வீடு வீடாகப் போனார். சட்டைப் பையில் வெர்னியர் அளவுகோல், டிபன் டப்பாவில் மெழுகுத் தகடு, பிளாஸ்கில் வெந்நீர். மெழுகை வெந்நீரில் இளக்கி, பிரேக்குக்கும் டயருக்கும் நடுவே இருக்கும் இடத்தில் அழுத்தி, ஆறவிட்டு எடுத்து, அதன் தடிமனை அளந்து நோட்டில் எழுதுவார். ஒரு சிவப்பு ரேஸ் சைக்கிளின் சொந்தக்காரர், கல்லூரி மாணவர், இதைக் கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்துவிட்டு, "ஏன் சார், சைக்கிளுக்குப் பல்லு கட்டப் போறீங்களா?" என்று கேட்டார். அந்தச் சைக்கிளில் பின்னால் இடம் இருந்தது, முன்னால் இல்லை. அடுத்ததில் முன்னாலும் பின்னாலும் இருந்தது, உயரம் பத்து வயதுப் பிள்ளைக்கானது. மூன்றாவதில் எல்லாம் இருந்தது, விளம்பரத்தில் சொல்லாத ஒரு விரிசலோடு.

நாலாவது பாசி நிறம். தீயணைப்புப் படையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஓர் அம்மாவுடையது. வீட்டுக் கூடத்தில், துணி காயப்போடும் கம்பிக்குக் கீழே நின்றிருந்தது. பிரேக்கைப் பார்த்ததுமே நம்மவருக்கு மூச்சு நின்றது. நீட்டுக் கை.

"பதினெட்டு வருஷம் ஏணி ஏறினேன்" என்றார் அந்த அம்மா. "இப்ப முட்டி, சைக்கிள் மிதிக்கக்கூட விடமாட்டேங்குது. என்ன தம்பி பண்றீங்க அங்க?"

"இடம் பாக்கறேன்மா."

"அதான் இருக்குன்னு சொல்றேன்ல? இருபத்தெட்டு டயர் போட்டு, மேல மட்கார்டும் போட்டு, மழையில ஓட்டியிருக்கேன். இருபத்தெட்டு போடுங்க, சொகமா இருக்கும்."

இவர் காதில் அது விழுந்தது, மனதுக்குப் போகவில்லை. மனம் மெழுகில் இருந்தது. மெழுகை அளந்தார், பெரிய டயரால் கூடும் உயரத்தைக் கழித்தார், திரும்ப அளந்தார். முப்பத்திரண்டு போட்டாலும் ஒரு மில்லி மிச்சம். டயர் மேல் அச்சடித்திருக்கிற எண்ணை நம்பக் கூடாது, அகலமான ரிம்மில் அது இன்னும் உப்பும் என்பதும் அவருக்குத் தெரியும். அந்த உப்பலையும் சேர்த்துத்தான் கணக்கு. ஒரு மில்லி! பத்தில் பத்து. அவர் தொழிலில் அதற்குள் ஒரு குடும்பமே வாழலாம்.

சைக்கிளை வாங்கிக்கொண்டு கடைக்குப் போய் முப்பத்திரண்டு டயரைக் கேட்டதும் கடைக்காரர் தலையைச் சொறிந்தார்.

"நாலு மில்லியாவது விடணும் சார். ரோட்ல கல்லு வரும், மண்ணு வரும். அதெல்லாம் உள்ள போய் வெளிய வரணுமில்ல?"

"சந்து இருந்தா அது பொருந்தலைன்னு அர்த்தம்" என்றார் பத்திலொண்ணு.

"எனக்கு இருபத்தெட்டு வச்சாரு" என்று மாமனார் கடைக்காரரிடம் முறையிட்டார். "சக்கரத்துக்கு மட்டும் முப்பத்திரெண்டு வைக்கறாரு பாருங்க."

கடைக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. டயரை எடுத்துக் கொடுத்துவிட்டார்.

அன்று மாலை மாமனார் மூத்த மகள் வீட்டுக்குக் கிளம்பிப் போனார், இரண்டு நாள் இருந்துவிட்டு வர. அந்த இரண்டு நாளும் நம்மவர் வாழ்க்கையில் பொன்னான நாட்கள். டயரில் காற்றை அறுபது மட்டும் வைத்து, தன் கையால் கட்டிய சக்கரத்தில், பாசி நிறச் சைக்கிளில் வேலைக்குப் போனார். வழியில், கால்வாய்ப் பாலத்துக்கு முன்னால் நானூறு மீட்டருக்குக் கல் பாவிய தெரு ஒன்று உண்டு. பழைய சைக்கிளில் அதைக் கடப்பது சலவை இயந்திரத்தின் மேல் உட்கார்ந்து போவதைப் போல. இப்போது சைக்கிள் கல்லோடு சமாதானம் பேசிக்கொண்டு போனது. இறங்கியபோது விரல் கால்மணி நேரம்தான் மரத்திருந்தது. இரண்டாவது நாள் பத்து நிமிடம்.

மூன்றாவது நாள், 'ஸ்ர்ர்' என்று ஒரு சத்தம். சக்கரம் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை எதையோ உரசிக்கொண்டு வந்தது. கல் பாவிய தெரு மறுபடியும் பழைய கல்லாகிவிட்டது. விரல் பதினோரு மணி வரை வரவில்லை. ஐந்தாவது நாள் சாப்பாட்டு வேளையில் சைக்கிளைக் கட்டடத்துக்குப் பின்னாலிருந்த முற்றத்துக்குத் தள்ளிக்கொண்டு போனார். முன் பிரேக்கின் பாலத்துக்கு அடியில் ஒரு நீலத்தாளை மெழுகால் ஒட்டி, முற்றத்தை நாலு சுற்றுச் சுற்றினார். இறங்கிப் பார்த்தால் தாள் நடுவில் தேய்ந்து கிழிந்திருந்தது. டயரில் ஒரே இடத்தில், கட்டைவிரல் அகலத்துக்கு, நீலத் திட்டு.

மாமனாரின் வலது கடைவாயில் இருந்ததும் இதே மாதிரித் திட்டுதான்.

அவர் வெகுநேரம் அங்கேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். சைக்கிள் சரியில்லை என்று அவருக்குத் தோன்றவே இல்லை. மெழுகு பொய் சொல்லாது. அளந்த கைதான் சொல்லியிருக்கும். இருபத்திரண்டு வருடம் பத்தில் ஒன்றைத் தொட்டுப் பார்த்துச் சொன்ன கை, ஒரு முழு மில்லியைத் தவறவிட்டிருக்கிறது. அப்படியென்றால் விரல் போய்க்கொண்டிருக்கவில்லை, ஏற்கெனவே போய்விட்டது. சைக்கிளை விட்டாலும் கூட இனி அந்த ஸ்டூலில் உட்கார்ந்து என்ன செய்வது?

மாலை வீட்டுக்கு வந்ததும் ஹெல்மெட்டைக் கழற்றாமலே மனைவியிடம் சொன்னார்: "பஸ் பாஸ் எடுத்துடலாம். சைக்கிள அந்தம்மாகிட்டயே திருப்பிக் கொடுத்துடறேன்."

மனைவி காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தார். மாமனார் குளிக்கப் போயிருந்தார்.

"என்னாச்சுன்னு வரிசையா சொல்லுங்க."

சொன்னார். நீலத்தாள் வரைக்கும்.

"மொத ரெண்டு நாள் நல்லா இருந்துச்சுன்னீங்கள்ல?"

"ஆமா."

"மூணாவது நாள்லேர்ந்து சத்தம்."

"ஆமா."

"அதே சைக்கிள், அதே டயர், அதே ரோடு, அதே ஆளு." மனைவி ஒரு காலுறையின் ஜோடியைத் தேடிக்கொண்டே யோசித்தார். "எங்க ஆபீசுக்கு இப்படி ஒரு மனு வந்தா நான் கேக்கற மொதக் கேள்வி, அன்னிக்கு வீட்டுக்கு யார் வந்தாங்க?"

"யாரும் வரல. மாமாதான் ஊர்லேர்ந்து..."

இருவரும் குளியலறைக் கதவைப் பார்த்தார்கள். உள்ளே மாமனார் பாடிக்கொண்டிருந்தார், நடு நடுவே டக் டக்கென்று தாளத்தோடு.

மறுநாள் விடிந்தும் விடியாமலும் இருவரும் வாசல் கதவுக்குப் பின்னால், கொஞ்சம் திறந்து வைத்துக்கொண்டு, காத்திருந்தார்கள். மாடிப்படி முகப்பில்தான் சைக்கிள் நிற்கும். ஐந்தரைக்கு மாமனார் காலை நடை முடித்து, ஸ்வெட்டரும் மப்ளரும் அணிந்து, கையில் சின்ன உருட்டுக்கட்டையோடு படியேறி வந்தார். முன் டயரை ஒரு தட்டுத் தட்டி, காதைச் சாய்த்துக் கேட்டார். 'தொப்' என்றது. முகம் சுளித்தார். மூலையிலிருந்து நின்றுகொண்டு அடிக்கும் பெரிய பம்பை எடுத்து மாட்டினார்.

மனைவி ஒவ்வொரு அடியையும் கிசுகிசுப்பாக எண்ணினார். "நாப்பத்தி ஒண்ணு... நாப்பத்திரெண்டு... அப்பாவுக்கு முதுகு வலின்னு சொன்னாரே... நாப்பத்தி மூணு..."

மாமனார் பம்பைக் கழற்றி மறுபடி தட்டினார். 'டண்' என்றது. திருப்தியாகத் தலையாட்டிவிட்டுப் பின் டயருக்குப் போனார்.

"அப்பா!"

உருட்டுக்கட்டை படியில் உருண்டு ஒரு மாடி கீழே போனது.

"ஏம்மா இப்படி பயமுறுத்தற? மாப்ளேயும் இருக்காரா? ஒண்ணுமில்ல மாப்ளே, புது டயர்ல காத்து நிக்க மாட்டேங்குது. நான் ஊர்லேர்ந்து வந்து பாக்கறேன், தொளதொளன்னு கெடக்கு. நீங்க அப்புறமும் எறக்கிட்டே இருக்கீங்களோ என்னமோ, தினமும் கொஞ்சம் கொஞ்சம் ஏத்திட்டுதான் இருக்கேன்."

"மாமா," நம்மவர் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தார். "பழைய சைக்கிளுக்கும்..."

"பின்ன? இந்த வீட்டுக்கு வந்த நாள்லேர்ந்து நான்தான. நாலு வருஷம். நீங்க பாவம், பல்லக் கட்டிக்கிட்டு அழறவரு, காத்தெல்லாம் எங்க பாக்கப் போறீங்க? முப்பத்தொரு வருஷத்துல என் வண்டி காத்தில்லாம ஒரு நாள் நின்னதில்ல. தட்டினா டண்ணுன்னு சொல்லணும்."

"இது பஸ் இல்லப்பா! இதுல அம்பது பேர் ஏறப் போறதில்ல. இவர் ஒருத்தர்தான் ஏறுவார். அறுபத்திமூணு கிலோ, டிபன் டப்பாவோட."

நம்மவர் உள்ளே போய்க் காற்றழுத்தமானியைக் கொண்டுவந்து வைத்துப் பார்த்தார். அறுபது இருக்க வேண்டிய இடத்தில் நூற்றுப் பத்து. வெர்னியரை எடுத்தார். உப்பிப்போன டயர், பாலத்துக்கு அடியில் இருந்த ஒரு மில்லியை ஏறக்குறையத் தின்று முடித்திருந்தது. கொஞ்சம் மேடாக உட்கார்ந்திருந்த ஓர் இடத்தில் மிச்சமே இல்லை. காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்துவிட்டு, அறுபதில் நிறுத்தி, மறுபடி அளந்தார். ஒரு மில்லி. மெழுகு சொன்ன அதே ஒரு மில்லி. கை தப்பாக அளக்கவில்லை.

அவர் படியில் உட்கார்ந்துவிட்டார். மாமனாரும் இரண்டு படி மேலே உட்கார்ந்தார். கீழ் வீட்டுக்காரர் உருட்டுக்கட்டையை எடுத்துவந்து, ஒன்றும் கேட்காமல் படியில் வைத்துவிட்டுப் போனார்.

மாமனார் விரலை மடக்கி மடக்கி ஏதோ கணக்குப் போட்டார்.

"நான் காத்தடிச்சேன். டயர் கல்லாச்சு. அதுல போயி உங்க விரல் மரத்துப் போச்சு. அந்த விரல வச்சு..." கையை வாய்க்குக் கொண்டுபோனார். "அப்ப இந்த டக் டக்கு நானே எனக்குப் பண்ணிக்கிட்டதா?"

"சேதத்துக்குக் காரணம் மனுதாரரே" என்றார் மகள். "தள்ளுபடி."

மாமனாருக்கு முகம் சுண்டிவிட்டது. நம்மவர் பக்கம் திரும்பினார். ஆனாலும் முப்பத்தொரு வருடம் தெருவில் உரிமை கேட்டுப் பழகிய ஆள், ஒரேயடியாக வழிவிட மாட்டார்.

"சரி மாப்ளே, காத்துல நான் விட்டுக் கொடுக்கறேன். சந்துல நீங்க விட்டுக் கொடுங்க. நாளைக்கு மழை பெய்யும், மண்ணு ஒட்டும், அந்த ஒத்த மில்லியில என்ன போகும்? என் வாயில நாக்கு திரும்ப இடம் விட்டீங்கள்ல? அதுக்கும் விடுங்க."

நம்மவர் வெர்னியரைப் பையில் போட்டுக்கொண்டு வேலைக்குக் கிளம்பினார். ஆனால் அந்த வாரமே மழை பெய்து, கால்வாய்க் கரையில் ஈர மண் ஒட்டி, அறுபது காற்றிலும் டயர் பாலத்தை அரத்தால் ராவுவதைப் போல ராவியது. சனிக்கிழமை கடைக்குப் போனார். கடைக்காரர் அவர் வாயைத் திறக்கும் முன்பே மேசைக்கு அடியிலிருந்து இரண்டு டயரை எடுத்து வைத்தார்.

"இருபத்தெட்டு. அன்னிக்கே எடுத்து வச்சுட்டேன் சார். அந்தப் பெரியவர் நம்பர் சொன்னப்பவே ஏதோ விஷயம் இருக்குன்னு நெனச்சேன்."

இருபத்தெட்டு மாட்டியதும் பாலத்துக்கு அடியில் சுண்டுவிரலின் நுனி நுழைகிற அளவுக்கு வெட்டவெளி தெரிந்தது. நம்மவர் மூன்று நாள் அதைப் பார்க்காமல் சைக்கிள் ஏறினார். நாலாவது நாள் பழகிவிட்டது. காற்று, முன்னால் அறுபத்தைந்து, பின்னால் எழுபது என்று மனைவி ஒரு அட்டையில் எழுதி மாடிப்படி முகப்பில் ஒட்டினார். கெடு தீர்ந்த அன்றைக்கு விரல் பாதிதான் திரும்பியிருந்தது. மூன்று வாரம் நீட்டித்து உத்தரவானது, இனி நீட்டிப்பு கிடையாது என்ற குறிப்போடு.

பட்டறையில் தினமும் சாப்பாட்டுக்குப் பிறகு கண்ணாடித் தட்டு, தலைமுடி, தாள். முதல் வாரம் மோதிர விரல் ஊமை. இரண்டாவது வாரம் தாளின் ஓரம் தெரிந்தது. மூன்றாவது வாரம், கெடு முடிய இரண்டு நாள் இருக்கையில், தாளுக்கு அடியில் ஏதோ ஒரு கோடு குறுக்கே ஓடுகிற மாதிரி இருந்தது. தாளைத் தூக்கிப் பார்த்தார். குறுக்கேதான் ஓடியது. முடியின் இடத்தை மாற்றி மாற்றி வைக்கும்படி பக்கத்து ஸ்டூல்காரரிடம் சொல்லி, ஆறு முறை சோதித்தார். ஆறில் ஐந்து.

"அஞ்சா?" என்றார் பக்கத்து ஸ்டூல்காரர். "எனக்கு நாலுதான் வரும். ஒழுங்கா போய் வேலையப் பாருங்க."

மறுநாளிலிருந்து மாமனாரின் செட்டை மறுபடி முதலிலிருந்து செய்தார். அவசரப்படாமல் ஒன்பது நாள். பத்தாவது நாள் ஞாயிற்றுக்கிழமை, சமையலறை ஜன்னலோரம் மாமனாரை நாற்காலியில் உட்கார வைத்து, செட்டை மாட்டி, நடுவே நீலத்தாளை வைத்தார்.

"கடிங்க மாமா. மெதுவா. விட்டு, இன்னொரு தடவ."

மாமனார் கடித்தார். செட்டை வெளியே எடுத்து வெளிச்சத்தில் பிடித்தபோது மகளும் துணியை வைத்துவிட்டு வந்து எட்டிப் பார்த்தார். இடது பக்கம் கடுகு கடுகாக ஐந்து புள்ளி. வலது பக்கம் ஐந்து. திட்டு எங்கும் இல்லை.

மாமனார் திரும்ப மாட்டிக்கொண்டு, பஸ் நிறுத்தங்களின் பெயர்களை வரிசையாக, கிளம்புகிற இடத்திலிருந்து கடைசி நிறுத்தம் வரைக்கும், வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தார். உள்ளே யாரும் கதவு தட்டவில்லை. நாக்கை ஒரு சுற்றுச் சுற்றவிட்டார்.

"மாப்ளே, பின்னாடி இடம் தாராளமா கெடக்கு. அந்த நாலையும் வச்சுடலாமே?"

"வேணாம் மாமா."

மாமனார் வற்புறுத்தவில்லை. உருட்டுக்கட்டையை எடுத்துக்கொண்டு மாடிப்படி முகப்புக்குப் போனார். டயரைத் தட்டுகிற சத்தம் கேட்டது. தொப். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. மகள் கதவிடுக்கு வழியாகப் பார்த்தார்: மாமனார் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, பம்பின் பக்கம் திரும்பாமல், சுவரில் ஒட்டிய அட்டையைப் படித்துக்கொண்டிருந்தார்.